எங்கள் வீட்டு மெஷின் தாங்குமா?

திரையில் மணப்பெண்ணின் முகம் இடது கண் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. கண்ணுக்குக் கீழே வெறும் சாம்பல் கட்டங்கள். மேசைக்கு அடியில் கம்ப்யூட்டரின் விசிறி, தேங்காய்த் துண்டு மாட்டிக்கொண்ட மிக்ஸி மாதிரி இரைந்தது. பிறகு ‘டப்’ என்று ஒரு சத்தம். திரை கறுத்தது.

கறுத்த திரையில் என் முகம் தெரிந்தது. பத்தொன்பது வருஷமாக ஊரார் முகத்தையெல்லாம் சரி செய்து கொடுத்தவள் நான். அன்றைக்கு அந்த முகத்தை யாராவது என்னிடம் கொடுத்திருந்தால், இரண்டு நாள் டைம் கேட்டிருப்பேன்.

மே மாதம். மேற்கு மாம்பலத்தில், ரயில் போனால் ஜன்னல் கம்பி அதிரும் எங்கள் வீடு. வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். அந்த மணப்பெண்ணும் அவளைச் சுற்றி நின்ற ஐம்பத்திரண்டு உறவினர்களும் முழுசாகத் திரைக்கு வந்து, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் நான் வேலையை முடித்து அனுப்ப வேண்டும். அனுப்பினால் எனக்கு வேலை உண்டு. அனுப்பாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

மாடி காலியானது

போட்டோவில் மூடிய கண்களைத் திறந்து வைக்கிற வித்தையைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பக்கத்து வீட்டு அம்மா, “நீ டாக்டருக்கும் படிச்சியா ரெஜினா?” என்று கேட்டார்கள். இல்லை. நான் போட்டோக்களைத் திருத்துகிற ரீடச்சர். தி. நகரில் ஒரு கல்யாண ஸ்டுடியோவின் மாடியில் உட்கார்ந்து, நெற்றியில் வழியும் எண்ணெயைத் துடைப்பேன். பின்னால் தெரிகிற சாம்பார் வாளியை அழிப்பேன். துபாயிலிருந்து லீவு கிடைக்காத மாமாவைப் பழைய படத்திலிருந்து எடுத்து வந்து இரண்டாவது வரிசையில் நிறுத்துவேன்.

மாமாவை நிறுத்துவது சுலபம். அவருடைய நிழல் மற்றவர்களின் நிழல் விழுகிற பக்கமே விழ வேண்டும். அங்கேதான் பலரும் கோட்டை விடுவார்கள்.

எனக்கு இந்த வேலை பிடிக்கும். சம்பளத்துக்காகத்தான் சேர்ந்தேன், மறுக்கவில்லை. ஆனால் ஒரு முகத்தை நூறு மடங்கு பெரிதாக்கி, அதன் ஒவ்வொரு சுருக்கத்தோடும் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தால் அந்த மனுஷி மேல் ஒரு பாசம் வந்துவிடும். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை.

அந்தப் புதன்கிழமைதான் முதலாளி எங்கள் ஐந்து பேரையும் கூப்பிட்டார். நாங்கள் அவரை ‘பாஸ்’ என்போம். மாடியைக் காலி செய்யப் போவதாகச் சொன்னார். போட்டோ எடுக்கிறவர்கள் எல்லோரும் எடிட்டிங் சாஃப்ட்வேரின் புது வெர்ஷனுக்குப் போய்விட்டார்கள், அவர்கள் அனுப்புகிற ஃபைல் நம் பழைய மெஷின்களில் திறப்பதே இல்லை, ஐந்து மெஷினையும் மாற்ற முடியாது என்றார்.

“யார் வீட்ல புது வெர்ஷன் ஓடுதோ அவங்க வீட்லேருந்தே செய்யலாம். ஒரு குரூப் போட்டோ தரேன். சனிக்கிழமை ஆறு மணிக்குள்ள முடிச்சு அனுப்புங்க. அனுப்பறவங்களுக்கு வர்ற சீசன்ல ஆல்பம் உண்டு.”

மற்ற நான்கு பேரும் சின்ன வயசுக்காரர்கள். இந்த வேலை இல்லையென்றால் இன்னொன்றுக்குப் போய்விடுவார்கள். எனக்கு நாற்பத்தாறு. எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்த ஒன்றுதான்.

இடது பக்கம், வலது பக்கம்

சாஃப்ட்வேர்க்காரர்கள் ஒரு பட்டியல் கொடுக்கிறார்கள். நம் கம்ப்யூட்டர் தாங்குமா தாங்காதா என்று அதை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். இடது பக்கம் ‘குறைந்தபட்சம்’. வலது பக்கம் ‘பரிந்துரை’. பிராசசர் இவ்வளவு, ராம் இவ்வளவு, கிராஃபிக்ஸ் கார்டு இவ்வளவு, டிஸ்க்கில் காலி இடம் இவ்வளவு.

எங்கள் வீட்டு மெஷின் ஒன்பது வயசு ஆனது. என் கணவர் சேகர் ரிச்சி தெருவில் ஒவ்வொரு பாகமாக வாங்கி வந்து சேர்த்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னச் சின்ன வேலை செய்ய எனக்கு அது போதுமானதாக இருந்தது. பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இடது பக்கத்தில் இருந்ததெல்லாம் எங்களிடம் சரியாக இருந்தது. வலது பக்கத்தில் இருந்தது ஒன்றுகூட இல்லை.

எனக்கு எங்கள் கல்யாணம் ஞாபகம் வந்தது. நான் சாந்தோமில் ஒரு வாத்தியார் வீட்டுப் பெண். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தார், அத்தை டைப்பிங் சொல்லிக்கொடுத்தாள், சித்தப்பா மாதா கோயில் பாடகர் குழுவில் ஆர்கன் வாசித்தார். சேகர் சைதாப்பேட்டை ஆற்றோரத்தில் பிறந்து வளர்ந்த ஏசி மெக்கானிக். எங்கள் ஸ்டுடியோ ஏசியைச் சரி செய்ய வந்த இடத்தில் பழக்கம். எனக்கு ஜாதகம் கிடையாது. அவருக்கு இருந்ததை ஆற்று வெள்ளம் கொண்டுபோய்விட்டது. ஆக, பொருத்தம் பார்க்க வழியே இல்லை.

அப்பா அவரிடம் மூன்று கேள்வி கேட்டார். குடிப்பியா, கோயிலுக்குப் போக இவளைத் தடுப்பியா, வேலையை விடச் சொல்லுவியா. மூன்றுக்கும் “இல்ல சார்” என்று பதில் வந்தது. குறைந்தபட்சம் சரியாக இருந்தது, கல்யாணம் நடந்தது. இத்தனை வருஷம் ஓடியும்விட்டது.

அந்தத் தெம்பில்தான் புது வெர்ஷனை ஏற்றினேன். ஏறியது. மணப்பெண்ணின் படத்தைத் திறந்தேன். கால் மணி நேரம் தடங்கலில்லாமல் ஓடியது. பிறகு தயங்கியது, இரைந்தது, அணைந்தது. கொஞ்ச நேரம் விட்டு மறுபடி போட்டால் மறுபடி கால் மணி நேரம். மூன்று தடவை பார்த்தேன்.

மெஷின் இரைய ஆரம்பித்தால் வீட்டுக்குள் லேசாகச் சந்தன வாசனை வந்தது. பக்கத்து வீட்டு அம்மா ஊதுபத்தி ஏற்றியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ரிச்சி தெருவின் தீர்ப்பு

பதினொன்றரைக்கு மின்சார ரயிலைப் பிடித்தேன். ரிச்சி தெருவில் சேகர் பாகங்கள் வாங்கிய அதே கடை. கடைக்காரருக்கு என் வயசு இருக்கும். டீயை வைத்துக்கொண்டு நான் எழுதிக்கொண்டு போன துண்டுச் சீட்டைப் பார்த்தார்.

“மேடம், தப்பா நெனைக்காதீங்க. இது முடிஞ்சி போச்சு.”

“இடது பக்கம் இருக்கறதெல்லாம் எங்கிட்ட இருக்கே?”

“அது சும்மா பேருக்குப் போடறது மேடம். சாஃப்ட்வேர் தெறக்கும். பெரிய ஃபைல் போட்டா படுத்துக்கும். நீங்க செய்ற வேலைக்கு இந்த கார்டு தாங்காது. கார்ட மாத்தினா பவர் சப்ளை தாங்காது. அத்த மாத்தினா போர்டு தாங்காது. புச்சா ஒண்ணு எட்த்துக்குங்க.”

அவர் சொன்ன விலையை இங்கே எழுதப் போவதில்லை. திரும்பி வரும்போது பாஸுக்கு என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ‘முடியவில்லை’ என்று இரண்டு வரி எழுதிவிட்டு அழித்தேன். மாம்பலத்தில் இறங்கும்போது படியில் கூட்டம் இடித்தது. எனக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டும் போல இருந்தது. ஆள்தான் கிடைக்கவில்லை.

எந்த மடையன் அடைச்சான்?

மே மாதத்தில் ஏசி மெக்கானிக்கைக் கையால் பிடிக்க முடியாது. சேகர் மூன்று மணிக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டில் ஏசி கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேட்பவர்கள் எப்படியும் கேட்பீர்கள். வந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

“மொதல்ல நல்லா ஓடுதா?”

“கால் மணி நேரம்.”

“அப்பால கட்டாவுது?”

“ஆமா.”

“ஆற வுட்டா மறுபடி ஓடுது?”

“ஆமாங்க.”

கையைக் கழுவிவிட்டு வந்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது.

“ரெஜி, அந்தக் கடைக்காரன் இன்னா தெரிஞ்சிக்கினு பேசறான்? கார்டுமில்ல ஒண்ணுமில்ல. இது ஹீட்டு. நான் தெனம் பத்து வீட்ல பாக்கறேன். வெளி யூனிட்டு மேல துணிய காயப் போட்ருவாங்க, பூத்தொட்டிய வச்சிருவாங்க, அப்பறம் ‘கூலிங் வரல, கம்பெனி மோசம்’னு கத்துவாங்க. காத்து போற வழிய எவனோ அடச்சிக்கீறான். அவ்ளோதான்.”

மேசைக்கு அடியில் தவழ்ந்து போனார். கம்ப்யூட்டரின் கேபினெட்டை இழுத்தார். அது வலது பக்கமும் பின்பக்கமும் சுவரைப் பார்த்து இருப்பதால் ஒன்பது வருஷத்தில் அந்தப் பக்கங்களை நான் பார்த்ததே இல்லை. டார்ச்சை அடித்துக்கொண்டே, “எந்த மடையன் அடைச்சான் பாக்கறேன்” என்றார்.

டார்ச் வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

“என்னங்க?”

நானும் குனிந்து பார்த்தேன். பின்பக்கத்தில் காற்று போவதற்காக வட்டமாகச் சல்லடை மாதிரி ஓட்டைகள் இருக்கும். அதில் ஒரு ஓட்டைகூடத் திறந்திருக்கவில்லை. காய்ந்த சந்தனம், அதன்மேல் குங்குமம், அதன்மேல் அடுத்த வருஷத்துச் சந்தனம். வலது பக்கத்துக் காற்றுத் துளைகளிலும் அப்படியே. சுவரில் அடித்த சுண்ணாம்பு போல அடுக்கடுக்காக இறுகியிருந்தது. பக்கப் பலகையைக் கழற்றினால், உள்ளே விசிறியின் இறகுகளுக்கு நடுவே காய்ந்த சாமந்தி இதழ்கள்.

வருஷா வருஷம் ஆயுத பூஜை அன்று மெஷினை வெளியே இழுத்து, ஈரத்துணியால் துடைத்து, பொட்டு வைத்து, பூ போட்டு, மறுபடி உள்ளே தள்ளுகிறவர் எங்கள் வீட்டில் ஒருவர்தான். அந்த ஒருவர் டார்ச்சோடு தரையில் உட்கார்ந்திருந்தார்.

“நான்தான் ரெஜி” என்றார்.

காலையிலிருந்து ஆள் தேடிக்கொண்டிருந்த கோபத்துக்கு ஆள் கிடைத்தது. நான் சொன்னதை முழுக்க எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. “ஊரான் வீட்டு ஏசிக்கெல்லாம் புத்தி சொல்றீங்க. என் பொழப்புல மட்டும் மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்க” என்றேன். “உங்க பக்திய உங்க ஸ்பேனரோட நிறுத்திக்க வேண்டியதுதானே” என்றும் சொன்னேன். அவர் விசிறியிலிருந்து சாமந்தி இதழ்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஸ்பேனருக்கு அடுத்து

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சேகருக்கு மற்ற பண்டிகைகளில் பெரிய ஈடுபாடு கிடையாது. தீபாவளிக்கு மத்தியானம் வரை தூங்குவார். ஆயுத பூஜை மட்டும் வேறு. ஆற்றில் தண்ணீர் ஏறிய வருஷம் அவர்கள் வீட்டில் கடைசியில் மிஞ்சியது அவர் தோளில் மாட்டிக்கொண்டு ஓடிய டூல் பை ஒன்றுதான். பிறகு அரசாங்கம் அந்த வரிசை வீடுகளையே எடுத்துவிட்டு, அவருடைய அம்மா அப்பாவை ஊருக்கு வெளியே எங்கோ அடுக்கு மாடியில் கொண்டுபோய் வைத்தது. அந்தப் பையை வைத்துத்தான் இவர் மறுபடி எழுந்தார். அதனால் பூஜையில் முதல் பொட்டு பைக்கு. அப்புறம் ஸ்பேனர், கேஸ் கேஜ், வெல்டிங் முனை.

கல்யாணமான முதல் வருஷம், எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு என்னிடம் வந்தார். “உன் ஆயுதம் எங்க?” என்று கேட்டார். அப்போது வீட்டில் மெஷின் இல்லை. என்னிடம் இருந்தது ஸ்டுடியோவிலிருந்து கொண்டு வந்த தேய்ந்த மவுஸ் ஒன்று. அதற்கு வைத்தார்.

நான் ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பூசைக்குப் போகிறவள். சந்தனம், குங்குமம் எங்கள் வீட்டு வழக்கமில்லை. ஆனால் என் பிறந்த வீட்டில் என் வேலையைப் பற்றிக் கேட்டால், “கம்ப்யூட்டர்ல என்னமோ பண்றா” என்பார்கள். நான் செய்வதும் ஒரு தொழில், அதற்கும் ஒரு கருவி உண்டு, அந்தக் கருவிக்கும் ஸ்பேனருக்குப் பக்கத்தில் இடம் உண்டு என்று முதலில் சொன்னவர் இவர்தான். வாயால் சொல்லவில்லை, சந்தனத்தால் சொன்னார்.

மானிட்டரில் அவர் வைக்கிற பொட்டை மறுநாளே நான் துடைத்துவிடுவேன். கலர் பார்க்க முடியாது. துடைத்ததற்கு ஒரு தடவைகூடக் கோபித்துக்கொண்டதில்லை. என் கண்ணில் படுகிற இடத்தை நான் துடைத்தேன், படாத இடத்தில் ஒன்பது வருஷம் சேர்ந்தது. இது அப்போது எனக்குத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை காலையில்தான் தோன்றியது.

வெள்ளி

எழுந்து வந்தால் அவர் வேலைக்குப் போகவில்லை. கேபினெட்டை வராந்தாவில் செய்தித்தாள் விரித்துப் படுக்க வைத்திருந்தார். ஏசியின் தகடுகளைச் சுத்தம் செய்கிற மெல்லிய பிரஷ், ஊதுகிற ப்ளோயர், பல் குத்துகிற குச்சி ஒரு கட்டு. ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி, சந்தனத்தை உதிர்த்து, ஊதிக்கொண்டிருந்தார். மடியெல்லாம் சந்தனப் பொடி.

“போன் அடிச்சிக்கினே கீது, எடுக்கலையா?” என்று அவர் பாஷையிலேயே கேட்டேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன்.

“ஒரு நாள் வேர்த்தா யாரும் செத்துட மாட்டாங்க” என்றார், குத்துவதை நிறுத்தாமல்.

பிராசசர் மேல் தடவுகிற பசையும் காய்ந்து போயிருந்தது. ரிச்சி தெருவுக்கே போய் ஒரு சின்ன டியூப் வாங்கி வந்து போட்டார். அந்தக் கடைக்காரரிடம் சந்தன விஷயத்தைச் சொன்னாரா என்று கேட்டேன். “அதெல்லாம் எதுக்கு?” என்றார்.

மாலை நான்கு மணிக்கு மெஷினைப் போட்டோம். பக்கப் பலகையை மாட்டவில்லை. வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேனை அதற்கு நேராக வைத்தார். எங்கள் இருவருக்கும் வியர்வை வழிந்தது. ஏசிக் காற்று எவ்வளவு சில்லென்று வருகிறது என்று பார்க்க அவர் ஒரு தெர்மாமீட்டர் வைத்திருப்பார், வயர் நுனியில் சூட்டை அளக்கிற ஒரு சின்ன மணி தொங்கும். அந்த மணியை உள்ளே பிராசசருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

கால் மணி நேரம் ஆனது. அரை மணி ஆனது. மணப்பெண்ணின் முகம் முழுசாக வந்தது. அவளுக்கு மோவாயில் ஒரு சின்னத் தழும்பு இருந்தது. அவளாக எடுக்கச் சொல்லவில்லை என்பதால் அதை விட்டுவிட்டேன்.

சனி

புது மெஷின் போல ஓடியது என்று சொன்னால் பொய். ஒவ்வொரு லேயருக்கும் யோசித்தது. சேமிக்கச் சொன்னால் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். ஆனால் அணையவில்லை. ஐம்பத்திரண்டு உறவினர்களில் நான்கு பேருக்குக் கண் திறந்தேன். ஒரு பெரியப்பாவின் சட்டைப் பையில் வழிந்த பேனா மையை எடுத்தேன். துபாய் மாமாவுக்கு பதில் இந்தப் படத்தில் ஒரு கத்தார் சித்தி இருந்தாள். அவளையும் நிழலோடு நிறுத்தினேன்.

கீழேயிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குரல் வந்தது. “அறுவத்தி ரெண்டு டிகிரி.” “அறுவத்தி நாலு, கொஞ்சம் நிறுத்து ரெஜி.” “அறுவது, போ.” வியாழக்கிழமை நான் சொன்னது எங்கள் இருவருக்கும் நடுவில் அப்படியே இருந்தது. அதை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. படத்தில் என்றால் தெரிந்திருக்கும்.

ஐந்தே காலுக்கு அனுப்பினேன். ஐந்தரைக்கு பாஸின் போன் வந்தது.

“ரெஜினா, பெரிசு பண்ணிப் பாத்துட்டேன். சுத்தமா இருக்கு. மத்தவங்கள்ல ஒருத்தர்தான் அனுப்பியிருக்காங்க. மெஷின் புதுசா?”

“இல்ல பாஸ், பழசுதான்.”

“பழசா? சீசன் வந்தா தினம் வேலை இருக்கும். பார்ட்டிகிட்ட நான் தேதி சொல்லிடுவேன். நடுவுல மெஷின் படுத்துட்டா என்ன பண்ணுவீங்க? பாத்துக்க ஆள் இருக்கா?”

நான் கீழே பார்த்தேன். சேகர் மேசைக்கு அடியில் கால் நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. நகக்கண்ணில் இன்னும் சந்தனம். என் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் அவருக்குக் கேட்கும்.

“இருக்காரு பாஸ்” என்றேன். “நல்லா வேலை தெரிஞ்சவரு. வீட்லயே இருக்காரு.”

“அப்ப சரி. திங்கக்கிழமை முதல் ஆல்பம் அனுப்பறேன்.”

போனை வைத்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. தெர்மாமீட்டரைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார்.

“அம்பத்தெட்டு” என்றார்.

வேலை முடிந்து கால் மணி நேரம் ஆகியிருந்தது. இன்னும் சூட்டைப் பார்த்துச் சொல்லும்படி அவரிடம் யாரும் கேட்கவில்லை.